24 பைட்டுக்குள் ஒரு விசைப்படகு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் தொழிலுக்குப் போகக்கூடாது. படகுக்காரர்களுக்கு அது வருமானம் இல்லாத காலம். கடலூர் முதுநகரில் எக்கோ சவுண்டரும் (கடல் ஆழம் காட்டும் கருவி) விஎச்எஃப் செட்டும் (படகு ரேடியோ) ரிப்பேர் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் சீசன். படகு கரையேறி பெயிண்டும் ஃபைபர் வேலையும் நடக்கும்போதுதான் நிதானமாக ஒயர் இழுக்கவும் துளை போடவும் நேரம் கிடைக்கும்.

இந்தத் தடைக்காலத்தில் செய்த ஒரு வேலையை விவரமாக எழுதி வைக்கிறேன். விசைப்படகு ஒன்றின் இன்ஜின் சூடு, ஆயில் பிரஷர், பேட்டரி, அடித்தளத்தில் தேங்கும் தண்ணீர், மீன் அறையின் குளிர், படகு நிற்கும் இடம் எல்லாவற்றையும் கரைக்கு அனுப்புகிற பெட்டி அது.

கேட்டது படகின் முதலாளி. போன சீசனில் கடல் தண்ணீர் உறிஞ்சும் குழாய் வாயில் பிளாஸ்டிக் பை அடைத்து, இன்ஜின் சூடேறி, கேஸ்கட் போய், வேறொரு படகு கட்டி இழுத்து வர வேண்டியதாயிற்று. கேபினில் மீட்டர் இருக்கத்தான் செய்தது. வலை இழுக்கிற நேரத்தில் மீட்டரை யார் பார்ப்பார்கள்? "மீட்டரை கரையிலிருந்து நான் பாத்துக்கறேன் தம்பி, எனக்கு வேற என்ன வேலை" என்றார்.

நிபந்தனை போட்டது டிரைவர். "இன்ஜின் சமாச்சாரம் ஊருக்கே தெரியட்டும், எனக்கென்ன. நாங்க எங்க வலை போடுறோம்னு முதலாளியைத் தவிர ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா மறுநாள் அந்த இடத்துல இருபது படகு நிக்கும்." பாதுகாப்பு பற்றி இந்தத் திட்டத்துக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. நல்ல பாடு (மீன் வரத்து) கிடைக்கிற இடம்தான் இங்கே ரகசியம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்ததுதான்.

எந்த வழியில் அனுப்புவது

சாட்டிலைட் என்று ஆரம்பித்தால் பேச்சு உடனே முடிந்துவிடும். துரையா, இரிடியம் போன்ற கருவிகளை இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை மீன்வளத் துறை மூலமாகப் படகுகளில் பொருத்தி வருகிறார்கள். அது எச்சரிக்கைச் செய்திகளுக்கும் இருப்பிடத்துக்கும் உரியது, என் சென்சார்களை அதில் தொங்கவிட முடியாது.

ஏஐஎஸ் (கப்பல்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பும் முறை) யோசனையும் வந்தது. 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஓடுகிற முறை அது. கப்பல்கள் மோதாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்பதால், எல்லோரும் கேட்கும்படி திறந்தே இருக்கும். ஒரு மலிவான ரிசீவர் இருந்தால் போதும். டிரைவரிடம் இதைச் சொல்லக்கூட இல்லை.

மிச்சம் இருந்தது 4ஜியும் லோராவும். 4ஜி கரையை ஒட்டி நன்றாக வரும், தள்ளிப் போகப் போக விட்டுவிட்டு வரும், பிறகு போய்விடும். லோரா என்பது வேகத்தை விட்டுக்கொடுத்துத் தூரத்தை வாங்குகிற ரேடியோ முறை. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசன்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். அனுப்பும் சக்தி 1 வாட்டுக்கு மிகக்கூடாது. எஸ்எக்ஸ்1276 லோரா சிப் அதிகபட்சம் கொடுப்பதே 100 மில்லிவாட்தான், எனவே சட்டத்துக்கு உள்ளே வசதியாக நிற்கலாம். கடையில் 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் இன்னும் மலிவாகக் கிடைக்கும். அந்த அலைவரிசையில் இங்கே அனுமதிக்கப்பட்ட சக்தி மிகக் குறைவு, அதனால் அது வேண்டாம்.

தூரத்துக்குக் கணக்கு எளிது. இரண்டு ஆண்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் வரும். படகில் தண்ணீர் மட்டத்திலிருந்து 5 மீட்டர், கரையில் ஐஸ் கம்பெனி மொட்டை மாடியில் நட்ட பைப்போடு சேர்த்து 15 மீட்டர். கணக்குப்படி 25 கி.மீ., அதாவது 13.6 கடல் மைல். அதற்கு வெளியே போனால் பெட்டி சேமித்து வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது அனுப்பும். அன்றாடம் போய் வருகிற தொழிலுக்கு இது போதும், பல நாள் கடலிலேயே இருக்கும் தங்கு கடலுக்குப் போதாது. முதலாளியிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆண்டெனா பற்றி ஒரு வார்த்தை. படகில் அதிக கெயின் உள்ள நீள ஆண்டெனாவைப் போடத் தோன்றும். அது அலையை மேலும் கீழும் போகவிடாமல் கிடைமட்டத்தில் ஒடுக்கித்தான் அந்தக் கெயினைக் கொடுக்கிறது. படகு உருளும்போது அந்த ஒடுங்கிய கற்றை ஒருமுறை வானத்தையும் ஒருமுறை தண்ணீரையும் பார்க்கும். எனவே படகில் குட்டையான ஆண்டெனா, அசையாத கரையில் நீளமானது. கேபிளிலும் கஞ்சத்தனம் கூடாது. ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவரிசையில் பத்து மீட்டருக்கு 5 டெசிபெலுக்கு மேல் தின்றுவிடும். எல்எம்ஆர்-400 அதே நீளத்துக்கு ஒன்றேகால் டெசிபெல் அளவில்தான் எடுக்கும்.

சென்சார்கள்

இன்ஜினில் துளை போட மெக்கானிக் சம்மதிக்கவில்லை, அவர் சொன்னது நியாயம். அதனால் சூட்டுக்கு டிஎஸ்18பி20 சென்சாரைத் தெர்மோஸ்டாட் உறையின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலே வெப்பம் தாங்கும் பட்டை சுற்றினேன். உள்ளே இருக்கிற தண்ணீரின் சூட்டைவிடச் சில டிகிரி குறைவாகக் காட்டும். நமக்கு வேண்டியது திடீர் ஏற்றம்தான், துல்லியம் இல்லை. அதே வகைச் சென்சார் இன்னொன்று மீன் அறையில். ஆயில் பிரஷருக்கு ஏற்கெனவே மீட்டர் போகும் இடத்தில் ஒரு டி துண்டு போட்டு மூன்று ஒயர் உள்ள பிரஷர் சென்சார். சுழற்சி வேகத்துக்கு ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து வரும் துடிப்பை ஆப்டோகப்ளர் (கம்பித் தொடர்பில்லாமல் ஒளியால் சிக்னல் கடத்தும் பாகம்) வழியாக எண்ணி, கை டாக்கோமீட்டரோடு ஒப்பிட்டுச் சரிசெய்தேன்.

அடித்தளத் தண்ணீர்தான் யோசிக்க வைத்தது. வழக்கமாகப் போடும் மிதவை ஸ்விட்சை இந்தப் படகில் கையால் தூக்கிப் பார்த்தேன். வலை நூல், மீன் செதில், டீசல் கசடு எல்லாம் கலந்து மூட்டில் பிசினாக ஒட்டியிருந்தது; தூக்கினால் தூக்கிய இடத்திலேயே நின்றது. நகரும் பாகம் எதுவும் அங்கே பிழைக்காது. எனவே தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் பிரஷர் சென்சார், 4-20 மில்லியாம்பியர் வகை, ஒரு மீட்டர் அளவு. இந்த வகையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் இல்லை என்றாலும் 4 மில்லியாம்பியர் ஓடும். ஒயர் அறுந்தால் பூஜ்யம். 150 ஓம் ரெசிஸ்டரில் அளந்தால் காய்ந்த தளம் 0.6 வோல்ட், நிறைந்தால் 3 வோல்ட், எலி கடித்திருந்தால் ஒன்றுமே இல்லை. "தண்ணீர் இல்லை" என்பதும் "எனக்குத் தெரியவில்லை" என்பதும் வேறு வேறு பதிலாக வருகிறது. மிதவை ஸ்விட்சில் இரண்டும் ஒன்றுதான். கரைக்கு அனுப்பும் செய்தித் துண்டான பாக்கெட்டிலும் இதே பழக்கத்தைக் கொண்டுவந்தேன்: ஒரு பைட் (0 முதல் 255 வரை ஒரு எண் அடங்கும் இடம்) அளவுகள் எல்லாவற்றிலும் 255 என்று வந்தால் சென்சார் பேசவில்லை என்று பொருள்.

பெட்டியின் மூளையான ஈஎஸ்பி32 சிப்பின் உள்ளே இருக்கும் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) நேர்கோடாக அளக்காது, அதனால் தனியே ஏடிஎஸ்1115 சிப். மின்சாரம் 24 வோல்ட் பேட்டரியிலிருந்து. ஆல்டர்னேட்டர் உதறும்போது வரும் வோல்டேஜ் உச்சத்துக்காக டிவிஎஸ் டையோடும், 9 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும் கன்வெர்ட்டரும்.

இருப்பிடத்துக்குப் புது ஜிபிஎஸ் வாங்கவில்லை. கேபினில் உள்ள பிளாட்டர் (ஜிபிஎஸ் வரைபடக் கருவி), கப்பல் கருவிகள் பேசிக்கொள்ளும் என்எம்இஏ 0183 முறையில் வாக்கியங்களை 4,800 பாட் வேகத்தில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டால் போதும். இந்த முறை 1983ல் வந்தது. கடைசியில் ஒரு செக்சம் உண்டு, எழுத்துகளை எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு; அதையே மறுபடி செய்தால் பழையது திரும்பிவிடும்) செய்து வரும் இரண்டு இலக்கம். அது கம்பியில் ஏற்படும் பிழையைப் பிடிக்கும், பொய் சொல்கிறவனைப் பிடிக்காது. யார் வேண்டுமானாலும் ஒரு வாக்கியத்தை எழுதிச் சரியான செக்சமும் போட்டுவிடலாம். என் பெட்டி எப்படியாவது கெட்டுப்போய் பிளாட்டரிடம் உளறக்கூடாது என்பதால், என் பக்கத்து டிஎக்ஸ் (அனுப்பும்) கம்பியை இணைக்கவே இல்லை. ஆப்டோகப்ளர் வழியாகக் காது மட்டும். சாஃப்ட்வேரில் எவ்வளவு எழுதினாலும் கம்பியே இல்லாததற்கு ஈடாகாது.

பைட் பைட்டாகச் சுருக்கியது

எல்லாரும் முதலில் செய்வதுபோல ஜேசான் (பெயரும் மதிப்பும் எழுத்தாகவே போகும் வடிவம்) எழுதிப் பார்த்தால், பெயரும் மேற்கோளும் காற்புள்ளியுமாக 180 பைட் வந்தது. லோராவில் எஸ்எஃப்10 (எஸ்எஃப் எண் கூடக் கூடத் தூரம் கூடும், வேகம் குறையும்), 125 கிலோஹெர்ட்ஸ் அமைப்பில் அதை அனுப்ப 1.68 விநாடி ஆகும். அதே அமைப்பில் 24 பைட் அனுப்ப 0.37 விநாடி. பேட்டரிக்காக மட்டும் இதைப் பார்க்கவில்லை. இந்தப் படகு ஒன்றோடு நிற்காது, பக்கத்துப் படகுக்காரர்களும் கேட்பார்கள் என்று தெரியும். பத்துப் படகு, ஆளுக்கு இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பாக்கெட், யாரும் யாரையும் கேட்காமல் அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். 1971ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஓடிய அலோஹா வலையமைப்பின் கணக்கு இதற்கு அப்படியே பொருந்தும். ஜேசானில் நாலில் ஒரு பாக்கெட் இன்னொன்றோடு மோதும். 24 பைட்டில் நூற்றுக்கு ஆறு. உண்மையில் லோராவில் வலுவான சிக்னல் தப்பிப் பிழைத்துவிடும் என்பதால் நிலைமை இதைவிடக் கொஞ்சம் மேல்தான். ஆனால் இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு ஜேசான் பக்கம் திரும்பவில்லை.

இருப்பிடம்தான் அதிக இடம் கேட்கும். பிளாட்டர் அட்சரேகையை 1142.1234 என்று கொடுக்கிறது. இது 11.42 டிகிரி இல்லை. 11 டிகிரி, 42.1234 நிமிஷம். நிமிஷத்தை 60ஆல் வகுத்தால் 11.70206 டிகிரி. கடலூருக்குப் பக்கத்தில் 11.7, 79.8 என்று ஒரு புள்ளியை நிலையாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு விலகல் என்பதை மட்டும் 0.0001 டிகிரி அலகில் எழுதுகிறேன். மேலே சொன்ன அட்சரேகை வெறும் 21 ஆகிவிடும். தீர்க்கரேகை 79.875 என்றால் 750. படகு கரைக்குக் கிழக்கே சுமார் 10 கி.மீ. தள்ளி நிற்கிறது. ஒரு அலகு 11 மீட்டர். படகின் நீளத்தையே ஒத்த அளவு, போதாதா? இரண்டு பைட்டில் கூட்டலும் கழித்தலுமாக 3.27 டிகிரி அடங்கும். தெற்கே திருச்செந்தூர் முதல் வடக்கே நெல்லூர் தாண்டியும் நான்கே பைட்டில் சொல்லிவிடலாம். இந்தப் படகு அதற்கு மேல் போனால் பைட் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை வந்திருக்கும்.

மற்றதெல்லாம் ஆளுக்கு ஒரு பைட். வேகம், திசை, சுழற்சி வேகம் 20ஆல் வகுத்து, இன்ஜின் சூடு, ஆயில் பிரஷர், பேட்டரி வோல்டேஜ் 10லிருந்து 0.1 வோல்ட் படியாக, அடித்தளத் தண்ணீர் சென்டிமீட்டரில், மீன் அறைக் குளிர் அரை டிகிரி படியாக, கடைசியாகப் பம்ப் ஓடுகிறதா, எச்சரிக்கை உண்டா என்ற கொடிகள். நேரத்துக்கு இரண்டு பைட், நிமிஷக் கணக்கு. 45 நாளுக்கு ஒருமுறை சுற்றும், அதற்குள் படகு கரைக்கு வந்துவிடும். கூட்டினால் 15 பைட். முன்னால் தலைப்பாகப் படகு எண்ணுக்கு ஒன்று, வரிசை எண்ணுக்கு நான்கு. பின்னால் சரிபார்ப்பு முத்திரைக்கு நான்கு. ஆக 24.

பூட்டு

பூட்டுவதற்கு, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி குறியாக்குவதற்கு, ஏஇஎஸ்-128, சிசிஎம் முறை. ஈஎஸ்பி32 சிப்பில் ஏஇஎஸ்ஸுக்குத் தனி வன்பொருள் இருக்கிறது, நேரம் ஒரு பொருட்டே இல்லை. பொருட்படுத்த வேண்டியது பைட். பழைய சிபிசி முறையில் 15 பைட்டை 16 ஆக்கி, தொடக்க எண்ணுக்கு (ஒவ்வொரு முறையும் பூட்டு வேறாக விழச் சேர்க்கும் எண்) இன்னொரு 16, அதன்மேல் சரிபார்ப்பு என்று போனால் உள்ளே இருக்கும் சரக்கைவிடப் பெட்டி கனமாகிவிடும். சிசிஎம்மில் 15 உள்ளே போனால் 15தான் வெளியே வரும். தொடக்க எண்ணுக்குப் படகு எண்ணும் வரிசை எண்ணும், பின்னால் பூஜ்யங்களும். அவை தலைப்பில் ஏற்கெனவே போகின்றன, தனியாக அனுப்ப வேண்டாம். தலைப்பு பூட்டப்படுவதில்லை, ஆனால் முத்திரைக்குள் அடங்கும். நடுவில் யாராவது எண்ணை மாற்றினால் முத்திரை பொருந்தாது.

நான்கு பைட் முத்திரை போதுமா என்று ஒரு நண்பர் கேட்டார். குருட்டாம்போக்கில் ஒரு பொய்ப் பாக்கெட் தேற 429 கோடியில் ஒரு வாய்ப்பு. காற்றில் ஒன்றுக்கு 0.37 விநாடி பிடிக்கும் வேகத்தில், இடைவிடாமல் எறிந்தால்கூட அத்தனையையும் முயல 50 வருஷம் ஆகும். லோரா மெதுவானது என்பது இங்கே நமக்குச் சாதகம். இன்டர்நெட் வழியே வரும் பாதையில் இதே நான்கு பைட்டை நான் நம்ப மாட்டேன், அங்கே 16.

இந்த முறையில் ஒரே ஒரு விதியை உயிர் போனாலும் மீறக்கூடாது. ஒரே சாவியோடு ஒரே வரிசை எண் இரண்டு முறை வரவே கூடாது. ஏன் என்பதை மேஜையில் செய்து பார்த்தேன். வரிசை எண்ணை வேண்டுமென்றே ஒரே இடத்தில் நிறுத்தி இரண்டு பாக்கெட் பூட்டினேன். ஒன்று துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் படகு. இன்னொன்று கடலில் ஏதோ ஒரு இடம். பூட்டிய இரண்டையும் எக்ஸ்ஓஆர் செய்தால் சாவியின் பங்கு கழிந்துவிடும், இரண்டு அளவுகளின் எக்ஸ்ஓஆர் மட்டும் மிஞ்சும். துறைமுகம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியாது? அதை வைத்து மறுபடி எக்ஸ்ஓஆர். சாவியைத் தொடாமலே கடலில் இருந்த இடம் நான்கு பைட்டும் சுத்தமாகத் திரையில் வந்து நின்றது. ஏஇஎஸ் உடையவே இல்லை. படகு தினமும் தெரிந்த இடத்திலிருந்து கிளம்பித் தெரிந்த இடத்துக்கே திரும்புவதால், இந்தத் தொழிலில் இந்த ஓட்டை மற்ற இடங்களைவிடப் பெரியது.

படகில் கரண்ட் போய்ப் போய் வரும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் தொப்பென்று விழும், பெட்டி மறுபடி துவங்கும். வரிசை எண் அப்போது ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதினால் ஃபிளாஷ் தேயும். எனவே 256 எண்களை முன்கூட்டியே வாங்கி வைப்பதுபோல, "1,280 வரை என்னுடையது" என்று எழுதிவிட்டுத்தான் அதற்குக் கீழே உள்ள எண்களைச் செலவழிக்க ஆரம்பிக்கும். நடுவில் கரண்ட் போனால் மிச்ச எண்கள் வீண். அடுத்த துவக்கம் 1,281லிருந்து. 429 கோடியில் இருநூறு முந்நூறு வீணாவது ஒரு நஷ்டமா.

சேமித்து வைத்த பழைய அளவுகளுக்கும் இங்கேயே பதில் கிடைத்தது. அளவு எடுத்த நேரம் 15 பைட்டுக்குள் இருக்கிறது. வரிசை எண் அனுப்பும்போதுதான் ஒட்டப்படும். அதனால் பழைய அளவும் புது எண்ணோடுதான் வரும், கரையில் "கடைசியாகப் பார்த்ததைவிடப் பெரிய எண்ணா?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். நேற்று பதிவுசெய்த பாக்கெட்டை இன்று யாராவது மறுபடி ஒலிபரப்பினால் அது குப்பைக்குப் போகும்.

சாவியைப் பெட்டிக்குள்ளேயே உருவாக்கவில்லை. ஈஎஸ்பி32 சிப்பின் ரேண்டம் எண் உண்மையிலேயே ரேண்டமாக இருக்க அதன் வைஃபையோ புளூடூத்தோ ஓட வேண்டும்; இந்தப் பெட்டியில் இரண்டும் அணைந்திருக்கும். லேப்டாப்பில் உருவாக்கி ஏற்றினேன். படகுக்குப் படகு வேறு சாவி, அதிலும் கரைக்கு வரும் திசைக்கு ஒன்று, படகுக்குப் போகும் திசைக்கு ஒன்று. நினைவகத்தையே பூட்டும் ஃபிளாஷ் என்கிரிப்ஷனும், என் புரோகிராமை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் (boot) வசதியும் போட்டாயிற்று. பெட்டி திருடு போனாலும் உள்ளே இருப்பதைச் சும்மா படித்துவிட முடியாது.

கரையில்

ஐஸ் கம்பெனி மாடியில் இருக்கும் ரிசீவரிடம் எந்தச் சாவியும் இல்லை. வந்த 24 பைட்டை அப்படியே முதலாளி வீட்டில் உள்ள ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. டிரைவர் நேராகக் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: "மாடி ஏறுறவன் எல்லாம் பாக்கலாமா?" முடியாது அண்ணே, நானே ஏறினாலும் பார்க்க முடியாது. நாளைக்கு வேறு படகுகளும் அதே ரிசீவரைப் பயன்படுத்தலாம். ஒருவர் பாக்கெட் இன்னொருவருக்குக் கிறுக்கலாகத்தான் தெரியும்.

அவரிடம் ஒன்றை மறைக்காமல் சொன்னேன். பூட்டு உள்ளே இருப்பதைத்தான் மறைக்கும், அனுப்புகிற அலையை மறைக்காது. திசை பார்க்கும் ஆண்டெனா வைத்துக்கொண்டு ஒருவன் பின்னாலேயே வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கலாம். அவர் சிரித்தார். "அவ்ளோ கிட்ட வந்தவனுக்கு ஆண்டெனா எதுக்கு, கண்ணு போதாதா?"

மெக்கானிக்குக்கு இன்ஜின் விவரம் மட்டும் தெரிய வேண்டும் என்று பேச்சு வந்தது. அதற்காக இரண்டாகப் பிரித்து இரண்டு சாவியில் பூட்டினால் தலைப்பும் முத்திரையும் இரட்டிப்பாகும். வேண்டாம் என்று முடிவு செய்து, ராஸ்பெர்ரி பையில் மெக்கானிக்குத் தனிப் பக்கம் ஒன்று வைத்தேன். அதில் வரைபடமே கிடையாது.

பதினாறு பாக்கெட்டுக்கு ஒருமுறை கரை பதில் சொல்லும். எந்தெந்த எண் வந்தது என்று 16 பிட். அந்தப் பதிலும் பூட்டி, முத்திரையிட்டுத்தான் போகும், எதிர்த்திசைச் சாவியில். இல்லாவிட்டால் எவனோ "எல்லாம் வந்துவிட்டது" என்று பொய்ப் பதில் அனுப்பி, பெட்டி தன் சேமிப்பை அழித்துவிடும்.

ராஸ்பெர்ரி பை முதலாளி வீட்டில் இருப்பதால் பதிலையும் அங்கேதான் தயாரித்து மாடிக்கு அனுப்ப வேண்டும். இது சில விநாடி தாமதம். பெட்டி உடனே பதில் எதிர்பார்க்காமல், அடுத்த முறை அனுப்பிய பிறகு இரண்டு விநாடி காது கொடுக்கும்படி வைத்தேன். சரியாகிவிட்டது.

4ஜி கிடைக்கும்போது வேறு கணக்கு. டிஎல்எஸ் (இன்டர்நெட்டில் பூட்டிய பாதை) இணைப்பு ஒன்றைத் திறக்கவே சில கிலோபைட் பேச்சுவார்த்தை நடக்கும். 15 பைட்டுக்காக ஒவ்வொரு முறையும் அதைத் திறப்பது கட்டுப்படியாகாது. எனவே 4ஜி வழி தேங்கிய பழைய அளவுகளுக்கு மட்டும். முதல் அளவை முழுதாகவும் பிறகு வித்தியாசங்களை மட்டுமாகவும் எழுதி, சுருக்கி, அதன்பிறகு பூட்டி, எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியே 8883 போர்ட்டில் ஒரே மூட்டையாக. வரிசை முக்கியம். பூட்டிய பிறகு சுருக்கப் பார்த்தால் ஒரு பைட்கூடக் குறையாது, பூட்டிய பைட்டுகளில் திரும்ப வரும் வடிவமே இருக்காது. எம்க்யூடிடி 1999ல் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியே கண்காணிக்க உருவானது. பைட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் எழுதியது என்பது அதன் இரண்டு பைட் தலைப்பிலேயே தெரியும். டிஎல்எஸ் சான்றிதழ் செல்லுமா என்று பார்க்கப் பெட்டிக்குச் சரியான தேதி வேண்டும். அது பிளாட்டரின் ஆர்எம்சி வாக்கியத்திலேயே வருகிறது.

கடலில்

தடை முடிந்து படகு இறங்கியதும் நானும் ஒரு நாள் ஏறிக்கொண்டேன். கடிலமும் பரவனாறும் கலக்கும் முகத்துவாரத்தைத் தாண்டும்வரை எல்லாம் எஸ்எஃப்7லேயே ஓடியது. அங்கே 24 பைட்டுக்கு 62 மில்லிவிநாடிதான். வெளியே போகப் போகப் பெட்டி தானாக எஸ்எஃப்10க்கு மாறியது. 20 கி.மீ. வரை பாக்கெட் ஒழுங்காக வந்தது, அதன் பிறகு அலை மேட்டில் ஏறும்போது வந்து பள்ளத்தில் இறங்கும்போது போனது. எஸ்எஃப்12ஐ எச்சரிக்கைக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு பாக்கெட்டுக்கு 1.48 விநாடி எடுத்துக்கொள்ளும், தினசரிக்கு வைத்தால் மற்ற படகுகளுக்கு இடம் இருக்காது.

எதுவும் மாறாவிட்டால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, மாறினால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை என்றுதான் முதலில் யோசித்திருந்தேன். டிரைவர் வலை இழுப்பதைப் பார்த்ததும் அதைக் கைவிட்டேன். வலை இழுக்கும்போது இன்ஜின் சுமை ஏறும், வேகம் குறையும், எல்லா அளவும் மாறும், பாக்கெட் அடிக்கடி போகும். பூட்டைத் திறக்காமலே, பாக்கெட் வரும் தாளத்தை வைத்து "இப்போது இழுக்கிறார்கள்" என்று சொல்லிவிடலாம். இப்போது எப்போதும் இரண்டு நிமிஷம், அதில் பத்து விநாடிக்குள் முன்பின். எப்போதும் அதே 24 பைட். நாளுக்கு மொத்தம் நாலரை நிமிஷம் ரேடியோ பேசும்.

உப்புக்காற்று பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. ஆண்டெனா இணைப்பின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன்மேல் சாதா டேப். பெட்டிக்கு ஒயர் நுழையும் துளைகள் எல்லாம் அடிப்பக்கம். ஒயரைத் துளைக்குள் விடும் முன் ஒரு வளைவு தொங்கவிட வேண்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டட்டும். போர்டு மேல் ஈரம் தடுக்கும் கன்ஃபார்மல் கோட்டிங், இணைப்பு ஊசிகளை மறைத்துவிட்டு.

பெட்டி மேல் சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: இது ஆபத்து நேரக் கருவி இல்லை. ஆபத்தென்றால் விஎச்எஃப் 16ஆம் சேனல். கரையில் இருப்பவர்களுக்குக் கடலோரக் காவல்படை எண் 1554.

இப்போது முதலாளி போனில் இன்ஜின் சூட்டுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார், தாண்டினால் படகுக்கு விஎச்எஃப்பில் கூப்பிடுவார். மீன் அறைச் சென்சாரை மட்டும் இடம் மாற்ற வேண்டும். ஐஸ் கொட்டும் இடத்துக்கு நேர் கீழே இருப்பதால் எப்போதும் பூஜ்யத்தையே காட்டுகிறது. கதவுப் பக்கம் மேல் மூலையில் வைத்தால்தான் உள்ளபடி தெரியும். பக்கத்துப் படகுக்கு இரண்டாவது பெட்டி பாதி முடிந்திருக்கிறது. அந்தப் படகின் பிளாட்டர் 38,400 பாட் வேகத்தில் பேசுகிறது, என்எம்இஏ படிக்கும் பகுதியை அதற்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கிறேன்.